நாற்பத்திரண்டு கேள்விகள்

என் நெறியாளர் போருக்குப் போய் வந்தவர் என்பது கல்வியியல் துறையில் எல்லோருக்கும் தெரியும். போரில் அவர் என்ன செய்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. துறையின் இணையப் பக்கத்தில் அவருடைய படிப்பும் கட்டுரைகளும் வரிசையாக இருக்கும். நடுவே 'ராணுவப் பணி: பதினேழு ஆண்டுகள்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் என்னென்னவோ கட்டினோம்.

சாரின் தொடையில் இன்னும் ஒரு குண்டு இருக்கிறது, மழை வந்தால் வலிக்கும் என்றார் அலுவலக உதவியாளர். ஆனால் சார் மழையிலும் இரண்டிரண்டு படியாகத்தான் மாடி ஏறுவார். கேன்டீன் அக்காவுக்கு வேறு யோசனை. "அவரு அங்க சமையக்காரரா இருந்திருப்பாரு. நூறு பேருக்கு உப்புமான்னா எவ்ளோ உப்புன்னு கரெக்டா சொல்றாரு. துப்பாக்கி புடிச்சவருக்கு அது எப்பிடித் தெரியும்?" பேண்டு வாத்தியக் குழுவில் இருந்திருப்பார் என்று என் சீனியர் ஒருவர் அடித்துச் சொன்னார். மசால் வடைக்குப் பந்தயம் கட்டினோம். அவரிடமே போய்க் கேட்டுப் பந்தயத்தை முடிக்கும் தைரியம்தான் யாருக்கும் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். வடக்கே பனிமலையில் நடந்த சண்டைக்குப் போனார். முகாமில் இருந்தபடியே அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினார். ஓய்வு பெற்று வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து பி.எட். படித்தார். பிறகு எம்.எட்., முனைவர் பட்டம், இப்போது பேராசிரியர். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்க மாட்டார். கடைசி பெஞ்சில் இருப்பவரை எழுப்பி, "இப்ப நீ என்ன செய்யப் போற?" என்பார். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் மற்றவர்கள் எழுந்து போகலாம். ராணுவத்தில் உத்தரவு கொடுக்கும் முறை அது என்று ஒருமுறை அவரே சொன்னார். எங்களுக்கு அவர் வாயிலிருந்து கிடைத்த ஒரே ராணுவச் செய்தி அதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மா கைநாட்டு. ஆய்வு மாணவி என்று அச்சடித்த அடையாள அட்டையைப் பல்கலைக்கழக வாசலில் மாட்டினால் போதும். நான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்து பஸ் ஏறுவேன். அதை யாரும் கிண்டல் செய்ததில்லை. செய்திருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன்.

என் ஆய்வு, கல்வராயன் மலைப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது. பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் இரண்டு மலைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரையாண்டு விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். எட்டாவது தாண்டியதே பெரிது என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது. நானும் கேட்கவில்லை.

வீட்டில் இந்தத் தலைப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் வீடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருக்கிறது. விஷச் சாராயம் குடித்து அங்கே பலர் செத்த பிறகு எங்கள் தெருவில் மலை என்ற சொல்லை யாரும் நல்லபடியாகச் சொல்வதில்லை. அது எங்கே காய்ச்சினது, அதில் யார் எதைக் கலந்தார்கள் என்பதெல்லாம் தெருவுக்கு வேண்டாத விஷயம். மலைச் சாராயம் என்றுதான் பேச்சு.

"ஊருல வேற எடமே இல்லியாடி? அங்கதான் போவணுமா?" என்றாள் அம்மா.

"அவ படிச்சவ. நமக்கு இன்னா தெரியும்? போவட்டும் வுடு" என்றார் அப்பா.

"ஆமா, நீ பேசு. அன்னைக்கு வூட்டுல இருந்திருந்தா இன்னைக்குப் பேசிக்கினு இருப்பியா நீ?"

அப்பா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

வெள்ளிமலையில் பஸ் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் வரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இருபத்தைந்து வீடுகளில் படிவம் நிரப்ப வேண்டும். இரண்டு முறை தனியாகப் போனேன். "ஆம்பளைங்க இல்ல, அப்பறம் வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அரைகுறையாக நான்கு வீடுதான் கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வுக் குழு அதைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குள் இருபத்தைந்து வீட்டுத் தரவும் வர வேண்டும். வராவிட்டால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு நகரப் பள்ளி எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு வருடம் வீண். மலைப் பெண்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் மறுபடி கேட்கப்படாமலே போகும். கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

"நான் வரேன்" என்றார் சார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பேராசிரியரே நேரில் வந்தால் யார்தான் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மலைக்குக் கிளம்பிய அன்று சார் வழக்கம்போலவே வந்தார். ஒட்ட வெட்டிய தலை, ஓரம் நறுக்கிய மீசை, அளந்து மடித்த முழுக்கைச் சட்டை, மண் நிறக் கால்சட்டை, பளபளக்கும் பிரவுன் ஷூ, தோளில் பச்சைக் கித்தான் பை. ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால் போக நான் கிட்டத்தட்ட ஓடினேன். ஊருக்குள் நுழைந்தால் ஆளே இல்லை. எல்லா வீடும் திறந்திருந்தது. ஒரு வாசலில் சாமை பாதி புடைத்தபடி முறத்தில் கிடந்தது. ஓர் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. கோழிகள் மட்டும் எங்களைப் பார்த்தன.

நான் "அக்கா, அக்கா" என்று வீடு வீடாகக் கூப்பிட்டேன். சார் ஊர் நடுவில் நின்று நான்கு பக்கமும் மெதுவாகப் பார்த்தார். அவர் முகம் மாறியிருந்தது. அந்த அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டு, கிழங்கு அடிபிடிக்காமல் பானையை இறக்கிவைத்தார்.

"வாம்மா, போயிடலாம். ஆளுங்க விட்டுட்டுப் போன ஊருக்குள்ள நிக்கக் கூடாது" என்றார்.

இதற்கு முன் எத்தனை ஊருக்குள் இப்படி நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

வெள்ளிமலை டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் டீயை வைத்துவிட்டு, மிகவும் பணிவாக, "சார் எந்த ஸ்டேஷனுங்க?" என்றார்.

"ஸ்டேஷனா?"

"மப்டில வந்துக்கிறீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஷூவு மேல ஏறும்போதே ஊருக்குள்ள தகவல் போயிருக்கும். இந்நேரம் எல்லாம் காட்டுக்குள்ள இருக்கும்."

சாராயச் சோதனைக்கு வந்த போலீஸ் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சார் குனிந்து தன் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் கல்வியியல் பேராசிரியர்" என்றார் கடைக்காரரிடம்.

"சரிங்க சார்" என்றார் கடைக்காரர். நம்பவில்லை. டீக்குக் காசும் வாங்கவில்லை. அது சாரை இன்னும் வருத்தியது. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் சார் வேட்டி கட்டி, ரப்பர் செருப்பு போட்டு, குடை பிடித்து வந்தார். ஒரு வாரத் தாடி. நான் பஸ் நிறுத்தத்தில் அவரைத் தாண்டிப் போய்த் தேடினேன். ஆனால் நடக்க ஆரம்பித்ததும் வேட்டியும் குடையும் வீணாகிவிட்டன. இடது வலது, இடது வலது என்று முதுகு அப்படியே நிமிர்ந்து போகிறது.

"சார், கைய இவ்ளோ வீசாதீங்க."

"எங்க வெச்சுக்கறது?"

"சும்மா விடுங்க."

"சும்மா விட்டாதாம்மா வீசுது."

"எங்கப்பா மூட்டை எறக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி நடங்க சார். தோள இறக்கி, கால இழுத்து."

பேராசிரியர் ஒருவருக்கு நடக்கச் சொல்லிக் கொடுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவரும் அக்கறையாகக் கற்றுக்கொண்டார். பத்தடி என் அப்பாவைப் போலவே நடந்தார். பதினோராவது அடியில் இடது வலது வந்துவிட்டது.

ஊர் இந்த முறையும் காலி. ஆனால் ஒரே ஒரு வீட்டு வாசலில் நாற்பது நாற்பத்தைந்து வயது அக்கா ஒருத்தி, மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றிய காலை நீட்டி உட்கார்ந்து, புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நிலைப்படி ஓரமாக ஒரு பெண் நின்றாள். பதினைந்து வயது இருக்கும்.

"நீங்க ஓடலயாக்கா?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"கால் சுளுக்கிக்கிச்சு. இல்லன்னா உன் மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருக்க எனக்கு இன்னா ஆசையா?" சாரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அந்தப் பக்கம் யாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள், அதில் மரியாதைக் குறைவு கிடையாது. "போலீசு வேட்டி கட்டிக்கினு வந்தா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நான் போலீஸ் இல்லம்மா. வாத்தியார்."

"எந்த வாத்தியாரு இப்பிடி நிக்கறான்? எங்க பள்ளிக்கொடத்து வாத்தியாரு செவுத்துல சாஞ்சிக்கினுதான் நிப்பாரு."

"அதுக்கு முன்னாடி மிலிட்டரில இருந்தேன். வடக்க, பனிமலையில."

"அப்பிடிச் சொல்லு" என்றாள் அக்கா. கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "உக்காரு."

நான் அவசரமாகப் படிவத்தை எடுத்தேன். முதல் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னவள், நான்காவதில் நிறுத்தினாள்.

"இன்னும் எத்தினி இருக்குது?"

"மொத்தம் நாப்பத்திரண்டுக்கா."

"நாப்பத்திரண்டா! போலீசே மூணுதான் கேக்குது. எங்க காச்சின, எங்க வெச்ச, எவன் வாங்கினான்." நிலைப்படியில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, கேளு. ஆனா நானும் கேப்பேன். நீ ஒண்ணு கேட்டா நான் ஒண்ணு."

நேர்காணலில் ஆய்வாளர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. முதல் பருவத் தேர்வில் அதற்கு நான் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பாடம் நடத்தியவர் சார்தான். "இல்லக்கா, அப்படி முடியாது..." என்று ஆரம்பித்தேன்.

"கேளுங்கம்மா" என்றார் சார்.

வீட்டில் கழிவறை இருக்கிறதா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள். பிறகு சாரிடம், "அந்தப் பனியில நீ எங்க போன?" என்றாள்.

"பாறைக்குப் பின்னாடி. ஒருத்தர் போனா ரெண்டு பேர் காவல்."

அக்கா சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த புளி உருண்டு போனது. ஒரு நாளைக்கு எத்தனை வேளை உணவு என்பது என் அடுத்த கேள்வி. இரண்டு என்றாள். "நீ அங்க இன்னா துன்ன?"

"ரொட்டி. கல்லு மாதிரி ஆயிடும். சட்டைக்குள்ள வெச்சு உடம்புச் சூட்டுல எளக்கித் திங்கணும்."

சமையல்காரர் இல்லை. கேன்டீன் அக்காவுக்கு வடை போயிற்று என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். குளிப்பதற்கு என்ன செய்தாய், சம்பளம் ஒழுங்காக வந்ததா, பொண்டாட்டி எங்கே இருந்தாள், பயந்தாயா என்று அவள் கேட்கக் கேட்க எனக்குப் படிவமே மறந்துபோனது. எங்கள் துறையில் ஐந்து வருடமாக யாருக்கும் தெரியாதது, புளிக்கொட்டை நடுவே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பயந்தாயா என்பதற்கு, "முதல் ரெண்டு நாள் இல்ல. மூணாவது நாள்லேர்ந்து" என்றார்.

பதினேழாவது கேள்வி வந்தது. மகளின் படிப்பை நிறுத்தியதற்கான முதன்மைக் காரணம். வறுமை, தூரம், திருமணம், உடல்நலம் என்று கீழே ஒன்பது கட்டங்கள் போட்டிருந்தேன்.

அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்காமலே சொன்னாள்.

"ஒன்பதாவது படிக்க தெனம் மலைய வுட்டுக் கீழ எறங்கணும். அந்தச் சாவுக்கு அப்பறம் பஸ்ஸுல எங்க புள்ளைங்களப் பாத்தா, பையில இன்னாடி சாராயப் பாக்கெட்டான்னு கேக்கறானுங்க. ஒரு நாளு ஒருத்தன் இவ பையப் புடுங்கித் தலகீழாக் கொட்டிட்டான். வயசுக்கு வந்த பொண்ணு. பையில இன்னா வெச்சிருப்பா? பஸ்ஸு முழுக்கப் பாத்துச்சு, சிரிச்சுது. மறுநாளு இவ போவல. போன்னும் நான் சொல்லல."

என் ஒன்பது கட்டங்களில் அதற்கு இடம் இல்லை. 'பிற' என்பதற்கு எதிரே எழுத ஆரம்பித்தேன். ஒரு வரிதான் விட்டிருந்தேன், பக்கத்தின் ஓரமெல்லாம் எழுத வேண்டியிருந்தது. அந்த பஸ்ஸில் சிரித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்பது எழுதும்போதே எனக்குத் தெரிந்தது.

"இப்ப நான்" என்றாள் அக்கா, சாரிடம். "ஆளச் சுட்டியா?"

நான் எழுதுவதை நிறுத்தினேன். பேச்சை மாற்றலாமா என்று யோசித்தேன். அதே நேரம், பதில் வந்துவிட வேண்டும் என்றும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

"சுட்டேன்மா" என்றார் சார். "விடியறதுக்கு முன்னாடி. எதிர்ல எங்கேர்ந்து நெருப்பு தெரிஞ்சுதோ அந்தப் பக்கம் எல்லாரும் சுட்டோம். வெளிச்சம் வந்து மேல போனப்ப மூணு பேர் கெடந்தாங்க. யார் குண்டு யார் மேல பட்டுதுன்னு யாருக்கும் தெரியாது. அது தெரியாதது நல்லதுன்னு ரொம்ப வருஷம் நெனச்சிருந்தேன்."

"இப்போ?"

"தெரிஞ்சிருந்தா தேவலன்னு தோணுது."

"அதுக்காவத்தான் வாத்தியாரு ஆனியா?"

"இல்லம்மா. வெளிய வந்தப்ப பேங்க்ல காவல்காரர் வேலதான் கெடச்சுது. எட்டு மணி நேரம் கதவப் பாத்துக்கினு நிக்கணும். அது புடிக்கல, படிக்கப் போயிட்டேன்."

அக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே கை காட்ட, மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சாரிடம் கொடுத்தாள். நான் பதினெட்டாவது கேள்விக்கு வாயைத் திறந்தேன்.

"இரு. அவரையே கேட்டுக்கினு இருக்கறேன், நீ நோட்டு எழுதித் தப்பிச்சுக்கினு போற. நீ எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி."

"கள்ளக்குறிச்சில எங்க?"

பல்கலைக்கழகத்தில் யார் கேட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்றுதான் சொல்வேன். சாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கருணாபுரம்" என்றேன்.

அக்கா கொஞ்சம் நேராக உட்கார்ந்தாள். "உங்கப்பன் குடிப்பானா?"

"குடிப்பாரு. அன்னைக்கு சின்னசேலத்துல லோடு ஏத்தப் போயிருந்தாரு. வர லேட்டாயிடுச்சு. பக்கத்து வூட்டு மாமா போயிட்டாரு. அவர் பொண்ணும் நானும் ஒண்ணா வளந்தவங்க."

"எங்க மேல கோவமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு நான்கு வாரம் இருந்தது, இருபத்தொரு வீடு பாக்கி இருந்தது. இல்லை என்று சொன்னால் நல்ல பெண் என்று நினைப்பாள். ஆனால் அவள் பதினேழாவதற்குச் சொன்ன பதில் என் மடியில் இருந்தது.

"இருந்துச்சுக்கா."

"இப்போ?"

"தெரியல."

"சரி" என்றாள். பிறகு வாயின் இரண்டு பக்கமும் கையைக் குவித்து, சரிவுப் பக்கம் திரும்பி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். எந்தச் சொல்லும் இல்லாத குரல். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள், பிறகு ஒரு கூட்டம்.

"போலீசு இல்லயாம்" என்றாள் அக்கா. "மிலிட்டரி. ஆனா வாத்தியாராம். நம்ம கேக்கறதுக்கும் பதில் சொல்லுவாங்களாம்."

"எது வேணா கேக்கலாமா?" என்றார் ஒருவர்.

மூன்று வாரத்தில் இருபத்தைந்து வீடும் முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் கேட்டதை இன்னொரு நோட்டில் எழுதினேன். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பத்து வீட்டுக்கு மேல் கேட்டார்கள். கீழே இருப்பவர்களுக்கு எங்கள் புளி வேண்டும், நாங்கள் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். இறந்தவர்களின் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள் என்று ஒரு பாட்டனார் கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி நாள் அந்த அக்காவின் மகள் பாதை வரைக்கும் கூடவே வந்தாள். "நீ இத எழுதி முடிச்சா நான் ஒன்பதாவது போயிடுவேனா?" என்றாள். அதற்கும் தெரியல என்றுதான் சொன்னேன். சார் அவளிடம், மலையிலேயே வேறொரு பக்கம் விடுதியோடு பள்ளி இருக்கிறது, தினமும் பஸ் ஏற வேண்டாம், விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அவள் அவரை விடவில்லை. "எப்ப வருவ?" என்றாள்.

"வியாழக்கிழமை."

"இப்ப நீ இன்னா செய்யப் போறன்னு சொல்லு" என்றாள். அவர் என்னைக் கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வந்துவிட்டது. சார் முதுகை நிமிர்த்தி முழுவதையும் திருப்பிச் சொன்னார்.

ஆய்வுக் குழுவில் நான்கு பேர். தரவு முழுதாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். பிறகு தலைவர் பின்னிணைப்பைப் புரட்டினார். அதில் மலைக்காரர்கள் எங்களைக் கேட்ட கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் வைத்திருந்தேன்.

"இது எதுக்கு? ஆய்வாளர் தன் சொந்தக் கதையைச் சொன்னா கிடைக்கிற பதில் பாதிக்கும். எதிர்காலத்துல யாராவது கேள்வி கேப்பாங்க. இதை எடுத்துடுங்க, தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

எளிதான வழி அது. ஐந்து பக்கத்தை உருவிவிட்டால் என் இரண்டு வருடமும் பத்திரம். நான் சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"எடுக்க முடியாதுங்க மேடம்" என்றேன். "அவங்க அந்த நிபந்தனையிலதான் பேசினாங்க. எப்படிக் கெடச்சுதுன்னு மறைச்சிட்டு என்ன கெடச்சுதுன்னு மட்டும் எழுதினா அது பொய். என் தெருப் பேரும் அதுல இருக்கு. இருக்கட்டும்."

தலைவர் சாரிடம் திரும்பினார். "சார், உங்க விஷயமும் அச்சுல வருமே. நூலகத்துல இருக்கும். மாணவர்கள் படிப்பாங்க."

"அவங்க வீட்டுல கழிவறை இல்லன்னு வரலாம், அவங்க பொண்ணு பையில என்ன இருந்துச்சுன்னு வரலாம். நான் பண்ணது வரக்கூடாதா மேடம்?" என்றார் சார்.

எங்களை வெளியே அனுப்பி அரை மணி நேரம் பேசினார்கள். பின்னிணைப்பு இருக்கலாம், ஆனால் அந்த முறையைத் தேர்ந்ததற்கான நியாயத்தைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டும் என்று தீர்மானம் வந்தது. தலைப்பு தப்பியது. அந்த அத்தியாயத்தை எழுத எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

அச்சுக்குப் போகும் முன் பின்னிணைப்பைத் தட்டச்சு செய்து சாரிடம் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் பட்டிருந்தது. 'மூன்று பேர்' என்பதை அடித்து 'நான்கு' என்று எழுதி, ஓரத்தில் சிறிய எழுத்தில், 'ஒருவர் உயிரோடு இருந்தார்' என்று எழுதியிருந்தார்.

பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இதைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். சேர் என்றார். நான் போகாமல் நின்றேன்.

"அவருக்கு என்ன ஆச்சு சார்?"

"தூக்கிக்கினு வந்தோம். நாலு பேர், மாத்தி மாத்தி. கீழ ஆஸ்பத்திரி டென்ட் வரைக்கும் பேசிக்கினே வந்தான். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியல. அங்க வுட்டுட்டு மேல ஏறிட்டோம். அப்பறம் இன்னா ஆச்சுன்னு நான் போய்க் கேக்கவே இல்ல."

அவரே கேட்காததை அதற்கு மேல் நான் என்ன கேட்பது? மேசையில் இருந்து பென்சிலை எடுத்து, அவர் சொன்னதை அவர் எழுத்துக்குக் கீழே, அவர் பார்க்கும்படியாகவே எழுதினேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "சரியா இருக்கு" என்றார். அன்று மாலையே அந்தப் பக்கத்தைத் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தேன்.